உன் வண்டியில் நான் படிக்காமல் அழித்த எரர்

எட்வின்,

உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த வெள்ளை வண்டியில், கல்யாணத்தன்று காலை, இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் லைட் எரிந்துகொண்டிருந்தது. என்ன கோளாறு என்று பார்க்காமலே ஸ்கேனரை மாட்டி அழிக்கச் சொன்னேன். லைட் அணைந்தது. சாவியை உன் கையில் கொடுத்தேன். கோளாறு இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை ஏழு மாதக் கர்ப்பிணியான ஜெனியை அதே வண்டியில் உட்கார வைத்து, வளைகாப்புக்காகத் திருப்பத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாய். வண்டியில் போகாதே. ரயிலில் போ. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதற்கு மேல் படிக்க உனக்கு மனமில்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள். வண்டியை மட்டும் எடுக்காதே.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல், வண்டிப் படமும் விலையும் போடுகிற நம் பழைய கார் யார்டின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஊரறியப் போடுகிறேன். அதற்குக் காரணம் நீதான். திங்கட்கிழமை உனக்குத் தனியாகத்தான் எழுதினேன். நீ பதில் போட்டாய்: "போன தடவை பிரேக்னு சொன்ன. அதுக்கு முந்தி டயர்னு சொன்ன. இப்ப இன்ஜினா? நானே ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டேன்மா, ஒரு எரரும் இல்ல. விடு." அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஈஜிபுராவில் உன் வாடகை வீட்டுக்கு வந்தேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நீ கதவைத் திறக்கவில்லை. கீழ் வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "இருக்காங்களே, இப்பத்தான் தண்ணி மோட்டார் போட்டாரு" என்றார். நான் தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பினேன்.

உன்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிரேக் என்று சொன்னது பொய். டயர் என்று சொன்னதும் பொய். அடுகோடி வீட்டின் மாடியை விட்டு நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு, உன்னை வரவழைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. "வா கண்ணு, சோறு சாப்பிட்டுப் போ" என்று கூப்பிட்டால் வரமாட்டாய். "வண்டியைக் கொண்டு வா, பிரேக்கில் சத்தம் கேட்குது" என்றால் வந்தாய். நம் யார்டு மெக்கானிக் ரஃபி பாவம், நான் சொன்னதற்காக நல்ல சக்கரத்தைக் கழற்றித் துடைத்து அதையே மாட்டினான். ஜெனிதான் கண்டுபிடித்தாள். "அத்தை, பிரேக் பாக்கறதுக்கு நேத்தே மட்டன் ஊற வச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். நீயும் அன்று சிரித்தாய். டயருக்குச் சிரிக்கவில்லை. உங்கப்பா பீன்யா ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து நான் அழுவதைப் பார்த்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "நீ சொல்ற பொய்யில எது நெஜம்னு அவனுக்கு எப்படிடி தெரியும்? அதுக்கு எதாச்சும் லைட்டு எரியுதா?"

அதனால்தான் ஊர் பார்க்க எழுதுகிறேன். இருபத்தேழு வருடம் வியாபாரம் செய்தவள், மகனை ஒருவேளைச் சோற்றுக்கு வரவழைக்கத் தன் கடையைத் தானே கொளுத்துவாளா என்று யோசித்துப் பார். இதைப் படிக்கிறவர்களில் என்னிடம் வண்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வாங்கலாம் என்றிருந்தவர்கள் இருக்கிறார்கள். காலையில் இந்தப் பக்கத்தைத் திறந்து முதல் ஆளாகச் சிரிக்கப்போகும் பக்கத்து யார்டுக்காரர்களும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் எங்கிருந்து வந்தேன் என்று உனக்குத் தெரியும். இந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. அடுகோடியில் ஒரு சீட் கவர் கடையில் தையல் மெஷின் மிதித்தேன். சீட் கவர் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை விற்கத்தான் மாற்றுகிறார்கள் என்று ஆறே மாதத்தில் பிடிபட்டது. விற்கிறவனை வாங்குகிறவனோடு சேர்த்துவிட்டேன். முதல் கமிஷனில் உனக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கினேன். பிறகு ஒரு ஷெட், பிறகு நாலு வண்டி நிற்கிற இடம், பிறகு போர்டு. பொம்பளை வண்டி விற்கிறாளா என்று வந்து பார்த்தவர்கள் வண்டியோடு போனார்கள். விலை பேசுவதில் என்னை யாரும் ஏய்த்ததில்லை. நான் ஏய்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை வாங்கும்போது ஸ்கேனரை மாட்டி ஒவ்வொரு எரரையும் சத்தமாகப் படிப்போம். ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும். அதே வண்டியை விற்கும்போது லைட் எரிந்தால் படிக்க மாட்டோம். படிக்காமல் நேராக அழிக்கிற பட்டனை அழுத்துவோம். படித்துவிட்டால் அது நமக்குத் தெரிந்த விஷயமாகிவிடும். தெரிந்து மறைத்தால் பாவம். படிக்காவிட்டால் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சு ஒரு குறையும் இல்ல சார்" என்று சொல்லலாம். சொன்னது உண்மை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு மூத்த புரோக்கர். நான் அதை ரஃபிக்குக் கற்றுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை. பொய்யே சொல்லவில்லையே, எதைச் சொல்வது?

ஒருதரம் ஒரு டாக்சிக்காரர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி முன்சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "ஏன்ரீ அம்மா, ஏனூ தொந்தரே இல்லா அந்தா நீவே ஹேளித்ரல்லா!" என்று கத்தினார். ஒரு தொந்தரவும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். நானும் கன்னடத்திலேயே, எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன் என்றேன். அவர் என்னை அடிக்க வரவில்லை. கயிற்றை அவிழ்த்தார், சுருட்டினார், "கொத்தில்லா அந்த்ரே, நோட்பேக்கித்து" என்றார். தெரியாது என்றால் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சொன்னார். பாதி விலைக்கு நான் அந்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பாதி விலைக்கு எடுத்தது எனக்கு லாபம் என்று அன்று நினைத்தேன்.

பிறகு நீ செய்தது. உன் சம்பளத்தில் உள்ளங்கை அளவு ஸ்கேனர் ஒன்று வாங்கி, விளையாட்டுப்போல யார்டு வண்டிகளில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு பார்ட்டி முன்பணம் கொடுக்கப் பையைத் திறந்த நேரத்தில் நீ சொன்னாய்: "சார், இதுல எரர் இல்லன்னு காட்டுது. ஆனா வண்டி தன்னைத்தானே செக் பண்ற டெஸ்ட் ஒண்ணும் இன்னும் முடியல. காலையிலதான் யாரோ அழிச்சிருக்காங்க. ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க." அவர் பையை மூடினார். நான் ரஃபி முன்னால், வாட்ச்மேன் முன்னால், ஜெனி முன்னால் உன்னைக் கேட்டேன்: "நீ படிச்ச இன்ஜினியரிங் எந்தக் காசுல வந்துச்சுடா? இந்தப் பட்டனை அழுத்தித்தான்." அந்த வார்த்தைக்காகத்தான் நீ மாடியைக் காலி செய்தாய். நீ சொன்னது சரி. நான் சொன்னதும் உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது வெள்ளை வண்டிக்கு வருகிறேன். எக்ஸ்சேஞ்சில் வந்த வண்டி அது. வந்தபோது படித்தோம், சுத்தமாக இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பாலிஷ் போட ஹோசூருக்கு அனுப்பினேன். ஓர் ஆக்டிங் டிரைவர் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். சாவியை மேசையில் வைத்து, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பூ கட்ட ஆள் வந்தபோதுதான் லைட்டைப் பார்த்தோம். சர்ச் வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளிக்கக் காத்திருக்கிறார். உன் மாமியார் வீட்டு ஆட்கள் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்கள். ரஃபி ஸ்கேனரை மாட்டிவிட்டு, "அக்கா, படிக்கட்டா?" என்றான். "படிக்காத. அழி" என்றேன். அது விற்கிற வண்டி இல்லை, என் பிள்ளைக்குக் கொடுக்கிற வண்டி என்பது என் புத்திக்கு வரவே இல்லை. வண்டி கைமாறும்போது படிக்கக் கூடாது என்று கை பழகிவிட்டது, மகனே.

போன சனிக்கிழமை பழைய ஸ்கேனரைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்தோம். எரரை அழிப்பதற்கு முன்னால் அந்தப் பழைய மெஷின் தானாகவே ஒரு ரிப்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. கொடுக்கும் முன் அதிலிருந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்த ரஃபி ஓரிடத்தில் நின்றான். "அக்கா, இது நம்ம தம்பி வண்டி நம்பராச்சே." இன்ஜினுக்கு அடியில் க்ராங்க் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. இன்ஜின் சுற்றுகிறதா, எந்த இடத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அந்தத் தகவல் நின்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வண்டி ஓட்டத்திலேயே அணைந்துபோகும். எரர் விழுந்த நொடியில் வண்டி எண்பத்து நாலு கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது, இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கிறது. அதுவும் ரிப்போர்ட்டில் இருந்தது. ஹோசூர் ரோட்டில் வண்டி அந்த டிரைவர் கையில் செத்துப் பிழைத்திருக்கிறது. சூடு குறைந்ததும் ஸ்டார்ட் ஆகியிருக்கும். கூலி போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல நான் யார்?

"நான் ஸ்கேன் பண்ணேன், ஒண்ணும் இல்ல" என்கிறாய். உன்னை இன்று கொல்லக்கூடியது அந்த ஒரு வரிதான். இந்தச் சென்சார் கெடும்போது ஒரேயடியாகக் கெடுவதில்லை. சூட்டில் விடும், ஆறினால் பிடிக்கும். ஒரு கணம் விட்டுப் பிடித்தால் கம்ப்யூட்டர் அதை எழுதி வைக்காமலும் போகலாம். நீ ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஊர்ந்து ஓட்டிய பத்து மாதத்தில் அந்த டெஸ்டுகள் எல்லாம் முடிந்து, யாரோ அழித்த தடயமும் போய்விட்டது. இன்று அந்த வண்டி உன் ஸ்கேனருக்கு யோக்கியன். ஆனால் ஜெனியைக் கேள். மழைக்கு முந்தின வெயிலில், சில்க் போர்டு சிக்னலில் வண்டி தானாக ஆஃப் ஆனது. கிளட்சைச் சீக்கிரம் விட்டுவிட்டேன் என்று நீ சிரித்தாயாம். நீ கிளட்சை விடுகிற ஆளா? பதினெட்டு வயதில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான்.

எரர் படிப்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன், என்னிடம் வாங்கியவர்கள் குறிப்பாகக் கேட்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டுங்கள். வருகிற நம்பரைக் காகிதத்தில் எழுதுங்கள், போனில் படமும் எடுங்கள். எரர் விழுந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன என்று அதன் பக்கத்திலேயே இருக்கும், அதையும் எழுதுங்கள். அழிக்கிற பட்டன் அதையும் சேர்த்துத்தான் அழிக்கும். மெக்கானிக்குக்குக் கண் தெரிவதே அதில்தான். நம்பர் ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னால் உடனே அந்தப் பாகத்தை மாற்றிவிடாதீர்கள், வயர் அறுந்திருந்தாலும் அதே நம்பர்தான் வரும். சரி செய்த பிறகு அழியுங்கள், சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்று சொல்கிறவன் என்னைப் போன்றவன். ஏர்பேக் லைட் எரிந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் வயரில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். இன்ஜின் லைட் நிலையாக எரியாமல் மின்னினால் ஓரம் கட்டுங்கள். ஆயில் லைட்டோ சூட்டு லைட்டோ சிவப்பாக வந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்காமல் இன்ஜினை அணையுங்கள். ஓட்டிக்கொண்டே ஸ்கேனரைப் போனில் பார்க்க வேண்டாம்.

நீ எதைச் சொன்னாலும் கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஓட்டத்தில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் இழு. பிரேக்கை மிதித்து மிதித்து விடாதே, இரண்டு மூன்று மிதியில் அதன் பலம் போய்விடும். ஒரே மிதியாக மிதித்துப் பிடி. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு இடதுபக்கம் ஒதுங்கு. நிற்கும் முன் சாவியை உருவாதே, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் ஜெனியை இடதுபக்கக் கதவு வழியாக இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோ. இவ்வளவையும் நீ ஒழுங்காகச் செய்தாலும், பின்னால் வருகிற லாரிக்காரருக்கு இது எதுவும் தெரியாது. நீ போகிற வழியில் இருக்கும் சூளகிரி இறக்கத்தை மூன்று நாளாக நான் கண்ணை மூடினாலும் பார்க்கிறேன், திறந்தாலும் பார்க்கிறேன். உனக்கு அம்மாவாக எழுதவில்லை, பிச்சைக்காரியாக எழுதுகிறேன்.

இவ்வளவு எழுதி முடித்த நேரத்தில் ஜெனி போன் செய்தாள். நீ குளிக்கப் போயிருந்தாய் போல. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அத்தை, நெஜமா சொல்லுங்க. இதுவும் மட்டன் கேசா?"

"இல்லம்மா. அவனுக்கு ரிப்போர்ட்டு அனுப்பினேனே, நீயே பாரு."

"அனுப்பினதைப் பாத்தேன். ரிப்போர்ட்டுன்னா யார் வேணா அடிச்சுக்கலாம்னு அவர் சொல்றாரு."

"சிக்னல்ல ஆஃப் ஆச்சுன்னு நீதானே சொன்ன?"

"ஆமா" என்றாள். பிறகு கேட்டாள், "அத்தை, நாங்க ட்ரெயின்ல போறோம்னு வச்சுக்கங்க. வண்டி அப்புறம் நல்லாத்தான் இருந்துச்சுன்னா? நீங்க மறுபடி ஒரு டயர், ஒரு பிரேக்குன்னு வருவீங்க. இதுக்கு நீங்க என்ன பணயம் வைக்கிறீங்க?"

வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தர் என்னைக் கேட்டதில்லை. நான் விலையைச் சொன்னேன். அவள் குறைக்கவில்லை. "சரி அத்தை. சாவி எங்கிட்ட இருக்கு. அவர்கிட்ட நான் பேசறேன்" என்றாள். இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் போட்ட பிறகுதான் பேசுவேன் என்றாள். அதையும் ஒப்புக்கொண்டேன். பேசி முடித்த விவரம் இதுதான். உனக்குத் தெரியாமல் எதுவும் இருக்க வேண்டாம்.

சனிக்கிழமை நீங்கள் இருவரும் ரயிலில் ஜோலார்பேட்டை போய் இறங்கி, அங்கிருந்து உன் மாமனாரின் வண்டியில் போகிறீர்கள். சாவி வெள்ளிக்கிழமை காலை ரஃபி கைக்கு வருகிறது. மதிய வெயிலில், உன் ஸ்கேனரை மாட்டி, ரஃபி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பின்னால் யார்டு வண்டி ஒன்று லைட் போட்டுக்கொண்டு வர, கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்புகிறோம். பதிவாவது எல்லாம் உன் போனுக்கே வரும். வண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் சென்சாரும் அதன் வயரும் என் செலவில் புதிது. இதுவரை என்னிடம் வண்டி வாங்கிய யார் வந்தாலும் காசில்லாமல் படித்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இனி படிக்காமல் ஒன்றையும் அழிக்கமாட்டேன். இந்தக் கடிதம் பக்கத்திலேயே இருக்கும்.

வண்டி வழியில் நின்றால், நான் வளைகாப்புக்கு வந்து ஜெனிக்கு வளையல் போடுவேன். நிற்காவிட்டால், நீயாகக் கூப்பிடும்வரை நான் வரமாட்டேன், போன் செய்யமாட்டேன், பிள்ளை பிறந்தாலும். ஒரே ஓட்டத்தில் அது நிற்காமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று ரஃபி சொல்கிறான். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.